பவர் ஸ்டியரிங் ஒயில் ஒழுக்கு: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரில் ஓர் உதிரிப்பாகக் கடையில் நிற்கிறேன். "பவர் ஸ்டியரிங் ஒயில் ஒரு போத்தல்" என்று கேட்டு வருபவர்கள் காசைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். அடுத்தவரும் அதையே கேட்பார். அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

இந்தக் கேள்விகள் கூடியதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டுப் பழைய காரின் சாவியையே இறுக்கிப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். 20, 25 வயதான கார்களின் ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடுகின்றன.

என்ர காருக்கு இந்த ஒயில் எங்க ஊத்திறது? மூடியைத் தேடினன், காணேல்ல.

உங்கள் காரில் அது இல்லாமலும் இருக்கலாம். அக்வா, பிரியஸ், அக்சியோ, வேகன் ஆர், ஃபிட், வெசல் போன்றவற்றில் ஸ்டியரிங்குக்குக் கைகொடுப்பது ஒரு மின்மோட்டார். பம்ப் இல்லை, தாங்கி இல்லை, ஒழுகுவதற்கு ஒயிலும் இல்லை. அவற்றில் ஸ்டியரிங் இறுகினால் பற்றரியையும், மீற்றர் பலகையில் எரியும் ஸ்டியரிங் விளக்கையும் பார்க்க வேண்டும். இங்கே எழுதியிருப்பது அதற்கு உதவாது.

மறுகோடியில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் நிற்கின்றன. போர்க்காலப் பெற்றோல் தடையில் மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் கார்களில் பவர் ஸ்டியரிங் என்பது ஓட்டியவரின் தோள்தான். நடுவில் வந்தவைதான் நம் விஷயம்: கொரோலா 110, நிசான் சன்னி எஃப்.பி. 14, 15, பழைய லான்சர், பழைய சிவிக், டீசல் வான்கள். பொனற்றைத் திறந்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பிளாஸ்டிக் தாங்கியும், மூடியில் ஸ்டியரிங் சக்கரப் படமும் இருக்கும். முதல் தலைமுறை மஸ்டா அக்செலா போல ஒன்றிரண்டு இடைநடுவானவையும் உண்டு. அவற்றில் பம்பைச் சுற்றுவது மின்மோட்டார், ஆனால் ஒயிலும் இருக்கும்.

எஞ்சின் ஒயில் மாதிரி இதுவும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையிறது வழமைதானே?

இல்லை. இந்த ஒரு பதிலை விளங்கிக்கொண்டால் மிச்சக் கேள்விகளில் பாதி தேவைப்படாது. எஞ்சின் ஒயில் சிலிண்டருக்குள் போய் எரியலாம். பவர் ஸ்டியரிங் ஒயிலுக்கு எரிவதற்கென்று ஓரிடமும் இல்லை. பம்பிலிருந்து அழுத்த ஹோஸ் வழியாக, முன் சில்லுகளைத் திருப்பும் ராக்குக்குப் போகிறது, அங்கிருந்து திரும்பு ஹோஸ் வழியாகத் தாங்கிக்கு வருகிறது, மறுபடி பம்புக்குப் போகிறது. மொத்தமே பெரும்பாலான கார்களில் ஒரு லீற்றர் அளவுதான். சுற்று மூடியது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ வெளியே போயிருக்கிறது.

சூட்டில் மட்டம் சற்று ஏறும், ஆறினால் இறங்கும். தாங்கியில் சூட்டுக்கும் குளிருக்கும் தனித்தனிக் கோடுகள் இருப்பது அதற்காகத்தான். அந்த இரண்டு கோட்டுக்கு இடைப்பட்ட வித்தியாசத்தை ஒழுக்கு என்று நினைத்துப் பதற வேண்டாம். ஒவ்வொரு நாளும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். அதே நேரத்தில் பார்த்தும் மட்டம் கீழே போனால் ஒழுக்குத்தான்.

காருக்குக் கீழ ஒயில் சொட்டிக் கிடக்கு. எந்த ஒயில் எண்டு எப்பிடித் தெரியும்?

கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு தனிச் சங்கடம். செம்மண் முற்றத்தில் சிவப்பு ஒயில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. மண் கொஞ்சம் கறுத்த மாதிரி இருக்கும், அதையும் கோழி கிளறிவிடும். ஆகவே எல்லாருக்கும் சொல்வது இதுதான்: பழைய காட்போட் மட்டை ஒன்றை இரவு முன்பக்கத்துக்குக் கீழே விரித்து வையுங்கள். முன் ரயர்கள் நிற்கும் இடத்தை மட்டையில் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் காரை நகர்த்திவிட்டு மட்டையைப் பார்த்தால், சொட்டு எந்தப் பக்கம், ரயரிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியும். மெக்கானிக்கிடம் அந்த மட்டையோடு போங்கள்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு அல்லது சிவப்புக் கலந்த மண்ணிறம், மெல்லிய வழுவழுப்பு என்றால் பவர் ஸ்டியரிங்காக இருக்கலாம். கறுப்பாகத் தடித்து நின்றால் எஞ்சின் ஒயில். பச்சையோ இளஞ்சிவப்போ ஆக, தண்ணீர் போல ஓடி, ஒரு இனிப்பு மணம் வந்தால் றேடியேற்றர் கூலன்ற். மங்கிய மஞ்சளாகச் சில்லுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால் பிரேக் ஒயில். அப்படியென்றால் காரை எடுக்கவே வேண்டாம். இடப்பக்கம் சுத்தமான தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர். அதற்குப் பயந்து வந்தவர்களும் உண்டு.

சிவப்பெண்டா பவர் ஸ்டியரிங்தானோ? ஓட்டோ கியர் ஒயிலும் சிவப்பாமே.

சரியான சந்தேகம். பழைய டொயோட்டா, நிசான் போன்றவற்றில் இரண்டு இடத்திலும் ஏ.டி.எஃப். என்ற ஒரே வகை ஒயிலே ஓடும். நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது, மட்டத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு கிழமைக்கு இரண்டின் மட்டத்தையும் குறித்து வையுங்கள். எது இறங்குகிறதோ அதுதான் ஒழுகுகிறது.

ஹொண்டாவில் நிலைமை வேறு. அதன் பவர் ஸ்டியரிங் ஒயில் புதிதாக இருக்கும்போது சிவப்பே இல்லை, வெளிறிய மஞ்சள். எந்தக் காரிலும் வருடக்கணக்காக மாற்றாத ஒயில் கறுத்து, கருகிய மணத்தோடு இருக்கும். "கறுப்பு, ஆகவே எஞ்சின் ஒயில்" என்று முடிவெடுத்து எஞ்சின் பக்கம் செலவழித்துவிட்டு என்னிடம் வந்தவர் ஒருவர் அல்ல.

நிலத்தில ஒரு சொட்டும் இல்லை. ஆனா மாசத்துக்கு ஒருக்கா ஊத்த வேண்டிக் கிடக்கு. எங்க போகுது?

பெரும்பாலும் ராக் பூட்ஸுக்குள். ராக்கின் இரண்டு அந்தத்திலும் அக்கோடியன் வாத்தியம் போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் போனால் ஒயில் அந்த உறைக்குள் சேரும். உறை கிழியாமல் இருக்கும்வரை ஒரு சொட்டும் வெளியே வராது.

முன் சில்லை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ரயருக்குப் பின்னால் கையை விட்டு அந்த உறையைப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். நல்ல பூட்ஸ் காற்றடைத்த பை போலச் சுருங்கி மீளும். ஒயில் சேர்ந்த பூட்ஸின் அடிவயிறு கனக்கும். அமுக்கினால் உள்ளே 'களக்' என்று ஏதோ நகர்வது விரலுக்குத் தெரியும். கிளிப்பைச் சற்றுத் தளர்த்தினால் சிவப்பாக மணிக்கட்டு வழியே வழிந்து சேட்டுக் கைக்குள் போகும். அந்தச் சேட்டை எந்தச் சோப்பும் மீட்காது.

இன்னொன்று: பல ராக்குகளில் இரண்டு பூட்ஸையும் ஒரு மெல்லிய காற்றுக் குழாய் இணைக்கும். ஆகவே ஒயில் இடப்பக்கம் இருந்தால் இடப்பக்கச் சீல்தான் போயிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பூட்ஸ் இரண்டும் காய்ந்து கிடந்தால், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தகட்டுத் தட்டைப் பாருங்கள். அதில் பழைய துணி போலத் தூசியும் ஒயிலும் சேர்ந்து படிந்திருக்கலாம்.

திருப்பேக்க 'ம்ம்ம்...' எண்டு மாடு முனகிற மாதிரிச் சத்தம். இதுவும் ஒழுக்கோ?

ஒழுக்கின் விளைவாக இருக்கலாம். ஒயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அந்தக் காற்றுத்தான் முனகுகிறது. மூடியைத் திறந்து பாருங்கள். ஒயிலின் மேல் நுரை நின்றால் காற்றுப் போகிறது. காலையில் முதல் திருப்பத்தில் சத்தம் கூடவும் சூடேறக் குறையவும் செய்யும்.

முனகலும் கீச்சலும் வேறு. 'கீய்ய்' என்று கீச்சிட்டால் அது பெல்ட். பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது பம்ப் சீலிலிருந்து ஒயில் தெறித்து பெல்ட்டில் பட்டு வழுக்கலாம். முழுக்க ஒடித்து நிறுத்தும்போது மட்டும் ஒரு சிறு இரைச்சல் வந்தால் அது பம்பின் அழுத்த வால்வு திறக்கும் சத்தம், குற்றமில்லை.

என்ன ஒயில் ஊத்திறது? கடையில ரெண்டு மூண்டு வகை வைச்சிருக்கிறீங்கள்.

தாங்கியின் மூடியைத் துடைத்துவிட்டு அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பழைய டொயோட்டாவில் பெரும்பாலும் டெக்ஸ்ரோன் 2 அல்லது 3 வகை ஏ.டி.எஃப். என்று இருக்கும். ஹொண்டாவுக்கு அதற்கென்றே உள்ள பி.எஸ்.எஃப். என்ற பவர் ஸ்டியரிங் ஒயில் மட்டும். ஹொண்டாவில் ஏ.டி.எஃப். ஊற்றினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, பிறகு சத்தமும் சீல் ஒழுக்கும் வரும். மூடி மாறிப்போயிருந்தால் கார் மொடலைச் சொல்லுங்கள். எங்கள் கடையில் என்றில்லை, எங்கும் "எதுவாயிருந்தாலும் தாங்கோ" என்று கேட்காதீர்கள்.

வீட்டில பிரேக் ஒயில் கிடக்கு. அவசரத்துக்கு ஊத்தலாமோ?

கூடாது. இரண்டும் அடிப்படையிலேயே வேறு திரவங்கள். பிரேக் ஒயில் கிளைக்கோல் வகை, பவர் ஸ்டியரிங் ரப்பர்கள் கனிம எண்ணெய்க்காகச் செய்தவை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர், நல்ல சிக்கனக்காரர், அரைப் போத்தல் பிரேக் ஒயிலை வீணாக்காமல் ஊற்றிவிட்டார். பிறகு கழற்றிய சீல்களைக் கையில் கொண்டுவந்து காட்டினார். ஊறவைத்த உளுந்து போல ஊதிப்போயிருந்தன. மறுபக்கம் இன்னும் மோசம்: ஏ.டி.எஃப்.ஐ பிரேக் தாங்கிக்குள் ஊற்றினால் பிரேக்கே பிடிக்காமல் போகலாம்.

எஞ்சின் ஒயிலும் சரிவராது. அவசரம் என்றால் ஊற்றாமல் மெதுவாக ஓட்டுவது மேல் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே தனிப் பதில் இருக்கிறது.

கராஜுக்குப் போக முதல், எங்க ஒழுகுது எண்டு நானே பாக்கலாமோ?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். முதலில் அந்தப் பகுதியைக் கழுவி உலர விடுங்கள். பல வருடத்து எண்ணெய்த் தூசிக்கு நடுவில் புது ஒழுக்கைத் தேடுவது வைக்கோற் போரில் ஊசி தேடுவதுதான். நன்றாகக் காய்ந்த பிறகு ஹோஸ் மூட்டுகளிலும் பம்பைச் சுற்றியும் குழந்தைப் பவுடரை மெல்லியதாகத் தட்டிவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, வீட்டில் ஒருவரை உள்ளே இருத்தி ஸ்டியரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகு டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரம் பட்ட இடம் பளிச்சென்று தெரியும்.

ஒயில் கீழ்நோக்கித்தான் ஓடும், ஓடும்போது காற்று பின்னுக்கும் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களில் மிக உயரமானதைத் தேடுங்கள். சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடமல்ல. தாங்கியின் அடியில் ஹோஸ் ஏறும் வாய், திரும்பு ஹோஸின் கிளிப்புகள், பம்ப் புலியின் (பெல்ட் ஓடும் சக்கரத்தின்) பின்பக்கம், அழுத்த ஹோஸில் ரப்பரும் இரும்பும் சேரும் கவ்வல், பம்பில் அது பூட்டும் இடத்துச் செப்பு வொஷர், ஸ்டியரிங் தண்டு ராக்குக்குள் இறங்கும் கழுத்து, கடைசியாகப் பூட்ஸ். மேலிருந்து கீழாக இந்த ஒழுங்கில் போனால் எதையும் தவறவிட மாட்டீர்கள். பம்ப் தண்டுச் சீல் போயிருந்தால் ஓர் அடையாளம் உண்டு: புலி சுற்றும்போது ஒயிலை வீசும், அதனால் பொனற்றின் உட்பக்கத்தில்கூட ஒரு கோடாகத் தெறித்திருக்கும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். எஞ்சின் ஓடும்போது அழுத்த ஹோஸைக் கையால் தடவித் தேடாதீர்கள். முழுக்கத் திருப்பும்போது அதற்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் ஏறும்; ஊசித்துளை வழியே வரும் ஒயில் தோலைத் துளைக்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவும் வேண்டாம், கல் அடுக்கி வைப்பதும் காணாது. ஸ்டாண்ட் இல்லாவிட்டால் மேலிருந்து தெரிவதை மட்டும் பாருங்கள்.

நாளைக்குக் கொழும்புக்குப் போக வேணும். ஒழுக்கோட ஓடலாமோ?

ஈரக்கசிவு மட்டும்தான், மட்டம் ஒரு மாதத்தில் அசையவில்லை என்றால் போகலாம். வழியில் நிறுத்தும் இடங்களில் மட்டத்தைப் பாருங்கள். காட்போட் மட்டையில் ஒரே இரவில் உள்ளங்கை அளவு நனைந்திருந்தால் கொழும்புவரை 400 கிலோமீற்றர் போகும் கார் அது இல்லை. போத்தல் போத்தலாக ஊற்றிக்கொண்டு போகலாம் என்பார்கள். வவுனியாவுக்கு முன்னால் நடுக்காட்டில் பம்ப் காய்ந்து அரைபட்டால் ஒயில் போத்தல் விலையோடு கதை முடியாது.

ஒயில் தீர்ந்தாலும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது, திருப்பலாம். ஆனால் பவர் இல்லாத பழைய காரைவிடவும் கனக்கும், ஏனென்றால் செத்த பம்பையும் ராக்கையும் சேர்த்துத் திருப்புகிறீர்கள். நேர் வீதியில் தெரியாது. சந்தியில் சைக்கிள் ஒன்று குறுக்கே வரும்போது தெரியும்.

அதைவிட எனக்குப் பயம் புகைதான். என் சொந்தச் சன்னியில் அழுத்த ஹோஸ் கவ்வலில் கசிவது தெரிந்தும், கடையில் ஹோஸ் வந்து கிடந்தும், "இந்தக் கிழமை மாற்றலாம்" என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலணையில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பண்ணைப் பாலத்து நடுவில் கருகல் மணம். முதலில் கடற்கரையில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பொனற் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை. கசிவு ஹோஸின் கவ்வலில் பெரிதாகி, ஒயில் சூடான சைலன்சர்க் குழாயில் விழுந்துகொண்டிருந்தது. இறால் வலை பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர் வாளியில் கடல்தண்ணீரோடு ஓடி வந்தார். "அண்ணை, தண்ணி ஊத்தாதேங்கோ" என்று நான் கத்தியதை அவர் கோபமாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். எரியும் எண்ணெய்க்குத் தண்ணீர் ஊற்றினால் பரவும் என்று பிறகு நின்று விளங்கப்படுத்தினேன். நெருப்புப் பிடிக்கவில்லை. கருகல் மணமோ பொனற்றிலிருந்து புகையோ வந்தால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு மீற்றரும் வேண்டாம்.

ஒழுக்கை நிப்பாட்டுற மருந்து போத்தல் ஒண்டு இருக்காமே?

இருக்கிறது, நானும் விற்கிறேன். அது ரப்பர் சீலைச் சற்று ஊதவைத்து இடைவெளியை அடைக்கும். காய்ந்து சுருங்கிய சீலில் லேசான கசிவென்றால் சில மாதம் தாக்குப்பிடிக்கலாம். வெடித்த ஹோஸையோ, தேய்ந்த செப்பு வொஷரையோ, துருப்பிடித்த தண்டையோ அது ஒன்றும் செய்யாது. காரை விற்க இருப்பவர்கள் இதை விரும்பி வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹோஸை வெட்டிக் கிளிப் போட்டா காணாதோ?

எந்த ஹோஸ் என்பதைப் பொறுத்தது. திரும்பு ஹோஸில் அழுத்தம் மிகக் குறைவு. வெடித்த நுனியை வெட்டிவிட்டு, நீளம் போதுமென்றால் நல்ல கிளிப்பால் இறுக்கலாம்; போதாவிட்டால் எண்ணெய் தாங்கும் ஹோஸ் ஒன்றைப் போடலாம். றேடியேற்றர் ஹோஸ் துண்டைப் போடாதீர்கள், எண்ணெயில் ஊறிக் குழைந்துவிடும்.

அழுத்த ஹோஸில் கிளிப் என்ற பேச்சே இல்லை. புதிதோ, நல்ல பாவித்த ஹோஸோ கிடைக்காவிட்டால், உழவு இயந்திரத்துக்கும் ஜே.சி.பி.க்கும் ஹைட்ரோலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் இடங்களில் பழைய இரும்பு நுனிகளை வைத்து நடுவில் புது ஹோஸ் அழுத்தித் தருவார்கள். என் சன்னியில் கடைசியில் அதைத்தான் செய்தேன், இன்னும் ஓடுகிறது. பூட்டும்போது செப்பு வொஷர் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ராக் முழுக்க மாத்த வேணும் எண்டு கராஜில சொல்லுறாங்கள். உண்மையோ, காசு பிடுங்கிறாங்களோ?

இரண்டும் நடக்கும். "எந்த இடத்தால ஒழுகுது எண்டு காட்டுங்கோ தம்பி" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார், உங்களைக் கூட்டிக்கொண்டு போய் டோர்ச் அடித்துக் காட்டுவார். பம்பிலிருந்து வழிந்த ஒயில் ராக்கின் மேல் சொட்டி, ராக்தான் ஒழுகுகிறது என்ற தோற்றத்தைத் தரும். மேலே சொன்ன பவுடர் சோதனையை அவர் முன்னாலேயே செய்யச் சொல்லலாம்.

உண்மையிலேயே ராக் சீல் என்றால் சீல் கிற் போட்டுத் திருத்தலாமா என்பது உள்ளே இருக்கும் தண்டைப் பொறுத்தது. தண்டு கண்ணாடி போல இருந்தால் புது சீல் நிற்கும். நகத்தால் தடவும்போது துருப்புள்ளி தட்டுப்பட்டால் அந்தப் புள்ளி ஒவ்வொரு திருப்பத்திலும் புது சீலை அராவும், சில மாதத்தில் மறுபடி அதே கதை. காரைநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறைக் கரையோரக் கார்களில் இந்தத் துருவை அதிகம் பார்க்கிறேன். பூட்ஸ் கிழிந்து உப்புக்காற்றும் மணலும் உள்ளே போனதுதான் காரணம். சின்ன ரப்பர் உறையைக் கவனிக்காததால் முழு ராக்கும் போகிறது.

பாவித்த ராக் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து எடுப்பிப்பார்கள். காசு கொடுக்க முன் பூட்ஸைத் திறந்து உள்ளே காய்ந்திருக்கிறதா, தண்டு மினுங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் பழையதைக் கழற்ற முதல் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ராக் கழற்றிப் பூட்டினால் வீல் அலைன்மென்ற் செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புது ரயர் ஓரம் தேய்ந்துபோகும்.

ராக் செய்து ஒரு கிழமை. திரும்பவும் ஒழுகுது. ஏமாத்திப் போட்டாங்களோ?

உடனே அப்படி முடிவெடுக்காதீர்கள். எனக்கே இது நடந்தது. ஒரு கராஜில் ராக் சீல் போட்டுத் தந்தார்கள், நாலாம் நாள் மட்டையில் மறுபடி சொட்டு. போய்ச் சண்டை பிடித்தேன். பார்த்தால் ராக் காய்ந்து கிடந்தது. பழைய செப்பு வொஷரையே திருப்பிப் போட்டிருந்தார்கள், அதனால் மூட்டில் ஒழுக்கு. சண்டை பாதி நியாயம், பாதி அநியாயம் என்றாகிவிட்டது.

வொஷருக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பழைய ஒயில். பம்ப் அரைந்த இரும்புத்தூள் அதில் மிதக்கும். தாங்கியையும் ஹோஸ்களையும் புது ஒயிலால் அலசாமல் பூட்டினால் அந்தத் தூள் புது சீலைத் தின்னும். தாங்கியின் அடியில் இருக்கும் வலையும் அடைபட்டிருக்கலாம்.

புது ஒயில் ஊத்தினபிறகு சத்தம் கூடிப் போச்சே?

காற்று மாட்டியிருக்கிறது. முன் ரயர்கள் இரண்டையும் நிலத்திலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை இயக்காமலே ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக 15, 20 தடவை திருப்புங்கள். தாங்கியில் குமிழ்கள் வந்து வெடிக்கும், மட்டம் இறங்கும், நிரப்புங்கள். குமிழ் நின்ற பிறகு எஞ்சினை இயக்கி அதையே சில தடவை செய்யுங்கள். அப்போதும் நுரை இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு இரவு விடுங்கள். அவசரப்பட்டு எஞ்சினை முதலிலேயே இயக்கினால் பம்ப் ஒயிலையும் காற்றையும் மோர் கடைவது போலக் கடைந்துவிடும், பிறகு அடங்க நேரமெடுக்கும்.

சத்தம் இருக்கு, நுரை இருக்கு. ஆனா மட்டம் துளியும் குறையேல்ல. இது என்ன புதினம்?

இது கொஞ்சம் சிக்கலான ஆள். ஒயில் வெளியே போகவில்லை, காற்றுத்தான் உள்ளே வருகிறது. தாங்கியிலிருந்து பம்புக்குப் போகும் பக்கம் அழுத்தப் பக்கம் அல்ல, உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது ஒயில் கசியாமல் காற்று இழுபடும். பழைய ஹொண்டாக்களில் பம்பின் வாயில் இருக்கும் ஓ-ரிங் என்ற ஒரு சின்ன ரப்பர் வளையம் இறுகிப்போவது நன்கு அறிந்த வியாதி. என் கடையில் விற்கும் பொருட்களில் மிக மலிவானவற்றில் ஒன்று அந்த ஓ-ரிங். அதைப் போட்டுப் பார்க்காமல் பம்பை மாற்றியவர்கள் உண்டு, சத்தம் போகவில்லை. உறிஞ்சு ஹோஸின் கிளிப்பையும் இறுக்கிப் பாருங்கள்.

எங்கட ஒழுங்கை ஒடுக்கம். படலையில நிண்டு முழுக்க ஒடிச்சுத்தான் எடுக்க வேணும். அதால பழுதாகுமோ?

முழுக்க ஒடிப்பதில் தவறில்லை, ஒடித்தபடி பிடித்துக்கொண்டு நிற்பதுதான் தவறு. அந்த நேரத்தில் பம்ப் முழு அழுத்தத்தில் நின்று ஒயிலைக் காய்ச்சுகிறது. ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். முனை தொட்டதும் ஒரு விரற்கடை திருப்பி விடுங்கள். கார் அரும்பு அரும்பாக நகரும்போது திருப்பினால் இன்னும் நல்லது. நின்ற காரில் தரையைத் தேய்த்துத் திருப்பும்போதுதான் பழைய அழுத்த ஹோஸ்கள் வெடிக்கின்றன.

மாத்தின பழைய ஒயிலை எங்க ஊத்திறது? வேலிக்கரையில ஊத்தினா கறையான் வராதாம்.

ஊற்ற வேண்டாம். நமது மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துளையும் நிறைந்த கல் அது, மேலே ஊற்றியது வடிகட்டப்படாமல் நிலத்தடி நீருக்குப் போகும். நாம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்து, எஞ்சின் ஒயில் மாற்றும் சேர்விஸ் இடத்தில் கொடுங்கள், அவர்களிடம் பீப்பா இருக்கும். கறையானுக்கு வேறு வழி பாருங்கள்.

பழைய கார் ஒண்டு வாங்கப் போறன். எஞ்சினைக் கழுவி மினுக்கி வைச்சிருக்கிறாங்கள். ஒழுக்கை எப்பிடிப் பிடிக்கிறது?

மினுக்கி வைத்திருந்தால் சந்தேகத்தோடு தொடங்குங்கள். 25 வயதுக் காரில் எஞ்சின் மட்டும் கல்யாணப் பெண் போல இருக்கக் கூடாது. தாங்கியின் மூடியைத் திறவுங்கள். ஒயில் புதுச் சிவப்பில் பளபளக்க, தாங்கியின் உட்சுவர் மட்டும் கறுத்திருந்தால் சமீபத்தில் அடிக்கடி ஊற்றப்பட்டிருக்கிறது. பூட்ஸை அமுக்கிப் பாருங்கள். கழுவியவர்கள் பூட்ஸின் உள்ளே கழுவுவதில்லை. இரண்டு பூட்ஸில் ஒன்று மட்டும் புதிதென்றால் ஏன் என்று கேளுங்கள்.

பிறகு அரை மணித்தியாலம் ஓட்டுங்கள். நல்லூர்ப் பக்கத்து ஒடுங்கிய வீதிகளில் நாலைந்து தடவை முழுக்கத் திருப்பி, ஒரு இடத்தில் நிறுத்தித் தேநீர் குடியுங்கள். கையோடு கொண்டுபோன காட்போட் மட்டையைத் தேநீர் வருவதற்குள் முன்பக்கத்துக்குக் கீழே தள்ளிவிடுங்கள். விற்பவர் மட்டையைப் பார்த்ததும் விலையைக் குறைக்கத் தொடங்கினால் பூட்ஸை இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்கள்.